மல்லாட்டைக் கிடங்கில் பதிந்த குரல்

போன வாரம் உங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்திருந்தேன். மரியாதையாக நாற்காலி போட்டு, டீ வரவழைத்துக் கொடுத்து, மிக்சர் மேசையைச் சுற்றிக் காட்டினீர்கள். அதில் இருந்த கைப்பிடிகளை எண்ணத் தொடங்கி, இருபது தாண்டியதும் விட்டுவிட்டேன். ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு தனித் தடம். பாடியது பிடிக்கவில்லை என்றால் அதை மட்டும் அழித்துவிட்டு மறுபடி பாடச் சொல்லலாம். உங்களில் ஒருவர், "அந்தக் காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படி சார் சமாளிச்சீங்க?" என்று கேட்டார். நான் சமாளித்தேன் என்று அவராகவே முடிவு செய்துகொண்டதில் எனக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. சமாளிக்காமல் விட்ட கதை ஒன்று இருக்கிறது. இந்தத் தொழிலில் நிற்கப் போகிறவர்களுக்கு அதுதான் கொஞ்சம் உதவும்.

அறுபதுகளின் நடுவில் விழுப்புரம் ரயிலடிக்குப் பக்கத்தில் மைக்செட் கடை வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், நாடகம் எல்லாவற்றுக்கும் போவேன். கோலியனூரிலிருந்து பிரம்மதேசம் வரை என் குழாய் ஸ்பீக்கர் ஏறாத புளியமரம் குறைவு. வயது இருபத்தெட்டு. நம்மை விட்டால் ஆளில்லை என்று நினைத்துக்கொள்ளத் தோதான வயது.

அப்படி நினைக்க ஒரு காரணமும் இருந்தது. சைகோனிலிருந்து திரும்பிய புதுச்சேரிக்காரர் ஒருவரிடம் டேப் ரிக்கார்டர் ஒன்று வாங்கியிருந்தேன். அதன் நாடாவில் இரண்டு தடங்கள் உண்டு. இடது தடத்தில் ஒரு சத்தம், வலது தடத்தில் வேறொரு சத்தம் என்று ஒரே நேரத்தில் பதியலாம். இந்தப் பக்கத்தில் அப்போது யாரிடமும் அது கிடையாது. ரயில்வேயில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் அதற்கேற்ற மாதிரி ஒரு தகரப் பெட்டி செய்து கொடுத்தார். நான்கு மைக், நான்கு குமிழ். ஒவ்வொரு குமிழுக்கும் கீழே ஒரு சுவிட்ச். இடது பக்கம் தள்ளினால் அந்த மைக்கின் சத்தம் இடது தடத்துக்குப் போகும். வலது பக்கம் தள்ளினால் வலது தடத்துக்கு. நடுவில் விட்டால் இரண்டிலும் கலந்து விழும். உங்கள் மேசை முழுவதும் செய்கிற வேலையும் இதுதான். எந்தச் சத்தம் எந்த வழியே போக வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கிறோம். பெட்டி சொன்னதைக் கேட்கும், ஆனால் தப்பாகச் சொல்கிறாயே என்று ஒரு நாளும் கேட்காது.

ஒரு வியாழக்கிழமை காலை, திண்டிவனத்து நாடகக் குழுவின் ஆர்மோனியக்காரர் கோவிந்தராசு பஸ் பிடித்துக் கடைக்கு வந்தார். அந்தக் குழுவில் ராணி வேஷம் கட்டுகிற அம்சவேணியம்மாளை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அன்றைக்கு இந்த வட்டாரத்தில் அம்சாக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர் பாட்டுக்கென்றே பனமலைப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள்.

"அண்ணே, உங்ககிட்ட சைகோன் டேப்பு கீதாமே. அக்கா பாட்டையெல்லாம் அதுல புடிச்சித் தர முடியுங்களா?" என்றார்.

"தரலாம். இன்னா திடீர்னு?"

"தொண்டையில கட்டிங்க. திங்கக்கெழம புதுச்சேரி ஆஸ்பத்திரில சேர்றாங்க. கத்தி வெச்சப்புறம் குரல் வருமா வராதான்னு டாக்டரே சொல்ல மாட்டேன்றாரு. வரலன்னா மேடை போச்சு. டேப்புல பாட்டு ஓடினா அக்கா வாயசைச்சிக்கினு நின்னுடுவாங்க. நடிப்பு இன்னும் போயிடலியே."

அம்சாக்காவின் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பள்ளிக்கூடம் போகிற பெண்கள் இரண்டு பேர். மேடையை விட்டால் அவருக்கு வேறு வேலை தெரியாது. பதினொரு பாட்டு வேண்டும், சனியும் ஞாயிறும்தான் கையில் இருக்கின்றன என்றார் கோவிந்தராசு. நான் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினேன். என் வாய்க்குப் பூட்டுப் போட அப்போது யாரும் இல்லை.

திண்டிவனத்தில் பதிவுக்கு நல்ல இடம் ஒன்று எனக்குத் தெரியும். செஞ்சிப் பக்கத்துச் சமணர் ஒருவரின் மல்லாட்டைக் கிடங்கு. நயினார் என்றுதான் ஊரில் அழைப்போம். கனமான சுவர், கூரை வரைக்கும் வேர்க்கடலை மூட்டை. மூட்டைகளுக்கு நடுவே நின்று பேசினால் குரல் எங்கும் முட்டித் திரும்பாமல் பேசிய இடத்திலேயே நிற்கும். இன்றைக்கு நீங்கள் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிச் செய்வதை அங்கே கடலை செய்தது. நயினார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிக்குங்க. இருட்டினப்புறம் நாங்க சாப்புடறதில்ல. அதுக்கு முன்ன பூட்டிக்கினு வீட்டுக்குப் போயிடுவேன்."

சனிக்கிழமை காலை நடுவில் அம்சாக்காவை நிறுத்தினேன். அவருக்கு எதிரே கோவிந்தராசு, பக்கத்தில் மிருதங்கக்காரர், தாளத்துக்கு ஒருவர். டேப் மோட்டாரின் இரைச்சல் மைக்கில் ஏறாமல் இருக்க, பெட்டியையும் இயந்திரத்தையும் வெளியே தராசு வைக்கிற சாய்ப்பில் வைத்துக்கொண்டேன். கதவைச் சாத்திவிட்டால் உள்ளே நடப்பது எனக்கு ஹெட்போனில்தான் தெரியும். உள்ளே ஒரு பல்பு தொங்கவிட்டிருந்தேன். அது எரிந்தால் பாடலாம் என்று அர்த்தம்.

முதல் பாட்டுக்குச் சரியாகத்தான் வைத்தேன். அம்சாக்காவின் மைக் இடது, மற்ற மூன்றும் வலது. குரல் தனியாக இருந்தால் பின்னால் உதவும் என்று தோன்றியது. என்ன உதவி என்று யோசித்துப் பார்க்கவில்லை. பதிவு முடிந்ததும் கோவிந்தராசு வெளியே வந்து ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தார். முகம் கோணிக்கொண்டது.

"இன்னாங்க இது, அக்கா ஒரு காதுல, நான் ஒரு காதுலயா? நாங்க சண்ட போட்டுக்கினு தனித்தனியா குந்தின மாரி கீது."

"அப்பறம் ரெண்டையும் ஒண்ணா ஆக்கிக்கலாம்ங்க."

"அப்பறம் இன்னாத்துக்கு? இப்பவே ஒண்ணா வெச்சிடுங்க. பதினெட்டு வருசமா ஒண்ணா வாசிச்சிக்கினு வர்றோம்."

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவர் மனம் சுணங்கும், வாசிப்புக் கெடும், நேரம் போகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் அதுவல்ல. கேட்டவர்கள் எல்லோரும் "பிரமாதம்" என்று சொல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. நான்கு சுவிட்சையும் நடுவில் தள்ளினேன். இரண்டாவது பாட்டைக் கேட்டதும் எல்லோரும் பிரமாதம் என்றார்கள். முதல் பாட்டையும் திரும்பப் பாடச் சொல்லிக் கலந்தே பதிந்தேன். நாடாவை மிச்சம் பிடிக்க, ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிடுவேன். மத்தியானம் மூன்று மணிக்குள் ஒன்பது பாட்டு முடிந்தது.

பாக்கி இரண்டைத் தொடங்கும் முன் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று அம்சாக்காதான் சொன்னார். கிடங்குக்குள் ஒரு ஸ்பீக்கரை வைத்தேன். அவர் மேடையில் நிற்கிற மாதிரி நின்று வாயசைத்தார். கோவிந்தராசு ஆர்மோனியத்தில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். பாட்டில் பாதியில் ஓரிடம் வரும். ராணி பாடுவதை நிறுத்திவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜனங்களைப் பார்த்து நிற்பார். எவ்வளவு நேரம் என்பது கணக்கில்லை. ஜனங்கள் அழுகிற வரைக்கும் நிற்பார். அவ்வளவு நேரமும் ஆர்மோனியம் மெதுவாக இழைந்துகொண்டே இருக்கும். அந்த நாடகங்களின் வழக்கமே அதுதான்.

அந்த இடம் வந்ததும் நான் டேப்பை நிறுத்தினேன். ஆர்மோனியமும் வெட்டினாற்போல் நின்றது.

எனக்குப் புரிவதற்கு முன் அம்சாக்காவுக்குப் புரிந்தது. கோவிந்தராசுவிடம், "தம்பி, பொட்டிய நிறுத்தினா நீயும் நின்னுப்பூடறியே. அங்க மட்டும் நேருல வாசிச்சாலும் சத்தம் மாறிடும், ஜனங்க கண்டுபுடிச்சிடுவாங்களே," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "என் குரல மட்டும் தனியா பிரிச்சிக் குடுத்துடுங்க. இவரு நேருல வாசிச்சிக்கினே இருக்கட்டும். நான் எங்க நின்னாலும் இவரு ஓட்டிக்குவாரு," என்றார்.

"முடியாதுங்க அக்கா."

"ஏங்க?"

"காப்பியில பால ஊத்தியாச்சுங்க."

அவர் திட்டவில்லை. மூட்டை மேல் உட்கார்ந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது பாட்டும் முழுக் குரலில் பாடியிருந்தார், ஒன்றைக்கூடப் பாதிக் குரலில் பாடவில்லை. இனி எத்தனை பாட்டு அந்தத் தொண்டையில் மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. கோவிந்தராசு, "நாந்தாங்க கேட்டேன், என்னாலதான் இந்தப் பேஜாரு," என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் கேட்டார், வாஸ்தவம். ஆனால் சுவிட்சின் மேல் இருந்தது என் விரல். கேட்கிறவருக்கு விளைவு தெரியாது. தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தத் தப்பு அவனுடையதுதான். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

இந்த இடத்தில் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தனியாகப் பதிந்ததை எப்போது வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். கலந்ததைப் பிரிக்க வழியில்லை. உங்களுக்கு இது முதல் நாள் பாடம். எனக்கு அதைக் கற்றுக்கொடுக்க ஒரு மனுஷியின் ஒன்பது பாட்டு செலவானது.

ஞாயிறு காலை அம்சாக்காவின் குரல் கம்மியிருந்தது. வெந்நீர் குடித்தார், உப்பு போட்டுக் கொப்பளித்தார், ஈரத்துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு மத்தியானம் வரை யாரோடும் பேசாமல் இருந்தார். சாப்பாட்டு நேரம் கழிந்ததும் மூன்று விரலைக் காட்டினார். "மூணு பாட்டு. அதுக்கு மேல கேக்காதீங்க," என்றார்.

சுவிட்சை மாற்றினால் மட்டும் போதாது. எதிரே உட்கார்ந்து வாசிக்கிற ஆர்மோனியம் அவருடைய மைக்கிலும் ஏறிவிடும். ஏறினால் குரல் தனியாக இருக்காது. அதனால் கோவிந்தராசுவையும் மற்றவர்களையும் மூட்டை அடுக்குக்குப் பின்னால் உட்காரச் சொன்னேன். கோவிந்தராசு நகரவில்லை.

"அக்கா தொண்டையப் பாத்துதாங்க நான் வாசிக்கறது. மூச்சு எடுக்கறதுக்கு முன்ன இங்க ஒரு நரம்பு அசையும். அது தெரியலன்னா எனக்குக் கையே ஓடாது."

"காதுல கேட்டா போதாதா?"

"மூட்டைக்கு அந்தாண்ட இன்னாத்த கேக்கறது? பாட்டு கேக்கும். மூச்சு கேக்குமா?"

நியாயமான கேள்வி. என்னிடம் இருந்தது ஒரே ஹெட்போன். அதில் அம்சாக்காவின் மைக்கை மட்டும் விட்டால் மூச்சு என்ன, எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கும். ஆனால் அதை அவருக்குக் கொடுத்துவிட்டால் என் காது மூடியது மாதிரிதான். சாய்ப்பில் உட்கார்ந்து டேப்பின் முகத்தில் எரிகிற இரண்டு பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சத்தம் ஏறினால் விளக்கு விரியும், இறங்கினால் சுருங்கும். பாடுவது பாட்டா இருமலா என்று விளக்குக்குத் தெரியாது. ஒலிப்பதிவு செய்கிறவன் கேட்காமல் பதிவதா என்று என் கர்வம் இடித்தது. முந்தின நாள் கேட்டுக்கொண்டேதானே கெடுத்தோம் என்று நினைத்துக்கொண்டு, நீளமான வயர் இழுத்து ஹெட்போனைக் கோவிந்தராசுவின் தலையில் மாட்டினேன். அந்த வேளையில் யார் கேட்டாக வேண்டுமோ அவர் கேட்கட்டும். அந்த முடிவு சரியானது என்று இன்றைக்கும் சொல்வேன். அதற்கும் ஒரு விலை இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

அம்சாக்கா இடது, மற்றவர்கள் வலது. இம்முறை நடுவில் நிறுத்தவும் பயம். நாடாவை ஓடவிட்டே உட்கார்ந்தேன். முதல் பாட்டு முடிந்ததை இரண்டு விளக்கும் சுருங்கியதில் தெரிந்துகொண்டேன். இரண்டாவதும் முடிந்தது. அதன் பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. சாய்ப்பில் வெயில் தாழ்ந்து சுவரில் ஏறியிருந்தது. நயினார் சாவிக்கொத்தோடு வந்து தராசுப் பலகையில் உட்கார்ந்தார். நான் எழுந்து கதவைத் திறக்கலாமா என்று நினைத்தபோது இடது விளக்கு மட்டும் இலேசாகத் துடித்தது. தொண்டையைச் செருமுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். உடனே வலது விளக்கு விரிந்தது. ஆர்மோனியம் சுருதி பிடித்துவிட்டது. பிறகு இடது விளக்கு முழுதாக விரிந்து, மூன்றாவது பாட்டு முடியும் வரை விரிந்தபடியே இருந்தது.

கதவைத் திறந்தபோது அம்சாக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். போதும் என்று கையைக் காட்டினார். கோவிந்தராசு ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. களைப்பு என்று நினைத்தேன். நயினார், "முடிஞ்சிதுங்களா? ஜல்தி எடுத்துக்குங்க," என்று பூட்டை எடுத்தார்.

இரண்டு நாள் கழித்து விழுப்புரம் கடையில் இடது தடத்தை மட்டும் ஓட்டிக் கேட்டேன். குரல் தெளிவாக, தனியாக இருந்தது. தூரத்தில் ஆர்மோனியம் எறும்பு ஊர்கிற அளவுக்குத்தான். இரண்டாவது பாட்டு முடிந்து வெகுநேரம் வெறும் மூச்சு. அதற்குப் பிறகு மெதுவாகப் பேச்சு:

"தம்பி, கேக்குதா? வாயில ரத்தம் மாரி வருது. மைக்செட்காரருகிட்ட சொல்லிடாத, நிறுத்திப்புடுவாரு. நேத்தே அவரு மொகம் செத்துப்போச்சி, பாவம். நீ சுருதி புடி."

பிறகு சுருதி. பிறகு அந்த மூன்றாவது பாட்டு.

ஆபரேஷன் நல்லபடி முடிந்து கட்டியை எடுத்துவிட்டார்கள். அம்சாக்கா பிழைத்தார். குரல் போய்விட்டது. பேசினால் காற்று மட்டும் வரும். கோவிந்தராசுவைப் பார்த்தபோது கேட்டேன்.

"ஏங்க, அன்னைக்கு என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்க இல்ல?"

"நிறுத்தியிருப்பேன்."

"அதாங்க," என்றார்.

அவர் செய்தது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஹெட்போன் என் தலையில் இருந்திருந்தால் அந்த மூன்றாவது பாட்டு இருந்திருக்காது. அதைப் பாடாமல் இருந்திருந்தால் குரல் மிஞ்சியிருக்குமா என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டேன். அந்த ஒரு பாட்டால் ஒன்றும் ஆகியிருக்காது என்றார். சனிக்கிழமை பாடிய ஒன்பது பாட்டைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்று பாட்டை வைத்துக்கொண்டு குழுவினர் புது நாடகமே கட்டினார்கள். பேசா விரதம் பூண்ட ராணி, துக்கம் வந்தால் மட்டும் பாடுவாள். நான் மேடை ஓரத்தில் டேப்போடு உட்காருவேன். ராணி பாட்டை நிறுத்திக் கண்ணைத் துடைக்கும்போது டேப்பை நிறுத்துவேன். கோவிந்தராசு நேரில் வாசித்துக்கொண்டே இருப்பார். எந்த ஊரிலும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. முன்பு வாரம் முழுவதும் மேடையில் இருந்தவருக்கு இப்போது அந்த ஒரே நாடகம்தான் மிச்சம். ஆனாலும் மேடை மிஞ்சியது.

இரண்டாவது பாட்டுக்கும் மூன்றாவது பாட்டுக்கும் நடுவே, அந்தப் பேச்சு வருவதற்கு முன் குமிழை முழுதாகக் குறைத்துவிடுவேன். அந்தத் துண்டைக் கத்தரித்து நாடாவை ஒட்டிவிட்டால் வேலை சுலபம். கத்தரிக்கோலை இரண்டு தடவை எடுத்தேன். என்னால் வெட்ட முடியவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அம்சாக்காவும் கோவிந்தராசுவும் கடைக்கு வந்தார்கள். டேப்பைப் போடச் சொல்லிச் சைகை காட்டினார் அம்சாக்கா. பாட்டை ஓட்டினேன். இது இல்லை என்று தலையை ஆட்டினார். அடுத்ததை ஓட்டினேன். அதற்கும் ஆட்டினார். கோவிந்தராசு, "நடுவுல பேசினாங்களே, அதப் போடுங்க," என்றார். அந்தப் பேச்சு நாடாவில் இருப்பதை அவர் அக்காவிடம் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது. குமிழைத் திறந்துவைத்து ஓட்டினேன். அம்சாக்கா கழுத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினார். மறுபடி ஓட்டினேன்.

"அக்கா, சனிக்கெழம நான் பண்ணது தப்புங்க. என்ன மன்னிச்சிடுங்க," என்றேன்.

அவர் வாய் அசைந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோவிந்தராசு அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அத விடுங்கன்றாங்க. இத மட்டும் வெட்டிடாதீங்களாம். பாட்டெல்லாம் ஊருக்குப் பாடினது. வீட்டுல பசங்க கேட்ட குரல் இதுதானாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு வந்தார். பெரியவளுக்குப் பத்து வயது இருக்கும், சின்னவளுக்கு ஆறு. பாட்டு ஓடும்போது இரண்டும் கடையில் தொங்கிய குழாய் ஸ்பீக்கர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. பாட்டு முடிந்து அந்தப் பேச்சு வந்தது. சின்னவள் சட்டென்று டேப் பெட்டியின் பக்கம் திரும்பி, "இன்னாம்மா?" என்றாள். அவள் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.